என் பேரில் விழுந்த போணி

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது "சரி, யோசிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. அப்போது வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். மெஸ்ஸில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், சாப்பிடுகிறவர்கள் முன்னால் கத்த எனக்கு விருப்பமில்லை. அதனால் எழுதுகிறேன். பெங்களூரில் உன் அறையில் உட்கார்ந்து நிதானமாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணாதே, பண்ணினாலும் எடுக்க மாட்டேன்.

நீ கேட்டது இதுதான். உன் கல்யாணத்தில் அப்பாவும் அம்மாவும் மணவறையில் நிற்க வேண்டிய இடத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் நிற்கட்டும். அப்பா இல்லாமல் நான் தனியாக மணவறை ஏறினால் பெண் வீட்டார் ஏதாவது நினைத்துக்கொள்வார்கள். நான் நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் போதும். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா. அவரும் பாவம், வயசாயிடுச்சு. கல்லாவுல சும்மா உக்காந்திருக்கறதப் பாத்தா எனக்கே ஒரு மாதிரி இருக்குது" என்றாய். இது நீயாகப் பேசியதா, அவர் சொல்லிக் கொடுத்துப் பேசியதா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த 'அட்ஜஸ்ட்' அவருடைய வார்த்தை. அதை நான் இருபது வருடத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா மன்னிக்கிற ரகம் இல்லை. ஊரில் எல்லாரும் என்னை அடக்கமானவள், வாய் பேசாதவள் என்பார்கள். நீயும் அப்படித்தான் நீ கட்டிக்கொள்ளப் போகிற நித்யாவிடம் சொல்லி வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். வாய் பேசாதவர்கள் எல்லாம் மறந்துவிட்டவர்கள் என்று யார் சொன்னது? எனக்குச் செய்ததை ஒன்றுவிடாமல் மனதில் வைத்திருந்தேன். நேரம் வந்தபோது திருப்பிக் கொடுத்தேன். இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, சந்தோஷம்தான்.

உனக்குப் பெரியப்பா என்றால் கல்லாப்பெட்டியும் கடலை மிட்டாயும்தான் ஞாபகம் வரும். ஸ்கூல் விட்டு வந்ததும் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாய். பெட்டியைத் திறந்து ஒரு காசை எடுத்து உன் கையில் வைப்பார், நீ பக்கத்துக் கடைக்கு ஓடுவாய். அந்தக் காசு யார் களி கிண்டிச் சம்பாதித்தது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மெஸ்ஸை ஆரம்பித்தது உன் அப்பாவும் நானும். ஓசூரில் ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே தகரம் போட்டு, இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டு, காலையில் இட்லி, மத்தியானம் களியும் கொள்ளுக் குழம்பும் என்று தொடங்கினோம். உன் அப்பா காய்ச்சலில் போனார். கருமாதி முடிந்த மறுநாள் கடையைத் திறக்கப் போனால், கெலமங்கலத்திலிருந்து உன் பெரியப்பா வந்து கல்லாவில் உட்கார்ந்திருந்தார். "பொம்பள ஒண்டியா ஃபேக்டரி ரோட்டுல கடை வெச்சா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நான் இருக்கறேன். நீ உள்ள வேலயப் பாரு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றார். எனக்கும் அப்போது அது ஆதரவாகத்தான் தெரிந்தது.

கல்லாவில் உட்கார்ந்தவர் முதலில் போட்ட சட்டம் போணியைப் பற்றியது. நாளின் முதல் வியாபாரத்துக் காசை நான் தொடக்கூடாது. புருஷன் இல்லாதவள் கை பட்டால் அன்றைய வியாபாரம் படுத்துவிடுமாம். விடியற்காலை எழுந்து இட்லி ஊற்றலாம், அந்த இட்லியை முதல் ஆளுக்குப் பரிமாறலாம், அவன் எச்சில் தட்டை எடுக்கலாம். அதிலெல்லாம் ஒன்றும் படுக்காது. காசு மட்டும் அவர் கையில்தான் விழ வேண்டும். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்குக் காட்டி, பெட்டியில் போடுவார். நான் அதற்கும் சரி என்றேன்.

ஒருநாள் காலையில் அவர் பின்பக்கம் குழாயடியில் முகம் கழுவப் போயிருந்தார். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்து காண்ட்ராக்டில் வேலை பார்த்த மாதையன் சாப்பிட்டு முடித்து, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று நோட்டை நீட்டினான். கேட்டில் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. நான் வாங்கிவிட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உன் பெரியப்பா வந்தார்.

"யாரு போணிய வாங்கனது?"

"நான்தான் மாமா. அவருக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு."

"உனக்குக் கூறு இருக்குதா? தாலி அறுத்த கையில போணி வாங்கனா கடை உருப்புடுமா?"

என் கையிலிருந்த நோட்டை ஓரத்தைப் பிடித்து உருவினார். வாசல் தெளிக்க வைத்திருந்த மஞ்சள் தண்ணீர்ச் சொம்பில் கையை விட்டு அந்த நோட்டின்மேல் தெளித்தார். உதறி, மாதையன் கையில் கொடுத்து, "இப்ப நீ என் கையில குடு சாமி" என்றார். மாதையன் என்னைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், பிறகு கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கு ஓடினான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நீயும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தாய். நோட்டு நனைந்ததைப் பார்த்துச் சிரித்தாய். சின்னப் பிள்ளை, உன்மேல் எனக்குக் கோபமில்லை. நான் உள்ளே போய்க் களி கிண்டினேன். அன்றைக்குக் கிண்டிய களியில் ஒரு கட்டிகூட விழவில்லை, அவ்வளவு ஆத்திரம் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு எதற்கும் அவரிடம் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. உன் ஸ்கூல் ஃபீஸ், எனக்கு ஒரு ஜோடி செருப்பு, நாகரசம்பட்டியில் என் அம்மா வீட்டுக்குப் போகப் பஸ் காசு. கடையில் கூட்டம் இருக்கும்போது நான் போய்க் கேட்டால் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். பெட்டியைத் திறந்து, நோட்டுகளைத் தடவிப் பார்த்து, திரும்ப மூடி, "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். நாளைக்கும் அதையே சொல்வார். ஃபீஸ் கட்டவில்லை என்று உன்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்களே, நீ என்னிடம் வந்து அழுதாயே, அன்றைக்கும் கல்லாப்பெட்டி நிறைய இருந்தது. சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு மிட்டாய்க்குக் காசு கொடுத்தார். அதைத்தான் நீ அன்பு என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

இனி என் கதைக்கு வருகிறேன். கொரோனா வந்துபோன பிறகு நம் ரோட்டில் எல்லாம் மாறிப்போனது உனக்குத் தெரியும். சம்பளம் பேங்கில் விழுகிறது, ஆட்கள் பாக்கெட்டில் போனை மட்டும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கன்னடக்காரர் "ஸ்கேனர் இதெயா?" என்பார். தெலுங்குக்காரர் "ஸ்கேனர் உந்தா?" என்பார். பீகார் ஆட்கள் "ஸ்கேனர் ஹை?" என்பார்கள். எல்லாப் பாஷையிலும் ஸ்கேனர் மட்டும் ஸ்கேனர்தான். உன் பெரியப்பா எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்வார். "இங்க காசுதான்." அவர்கள் எதிர் வரிசைக் கடைக்குப் போவார்கள். மத்தியானம் களி மிஞ்ச ஆரம்பித்தது. அப்போதுதான் அவருக்குப் பயம் பிடித்தது. ஸ்கேனர் அட்டையும் சவுண்ட் பாக்ஸும் கொடுக்கிற கம்பெனிப் பெண் ஒருத்தி கிருஷ்ணகிரியிலிருந்து வந்தபோது, போ என்று விரட்டாமல் உட்காரச் சொன்னார்.

"யார் பேர்லண்ணா போடணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என் பேர்ல வேணாம்மா. நாளைக்கு வருமான வரிக்காரன் வந்து நெலம் எவ்ளோ, மாந்தோப்பு எவ்ளோன்னு நோண்டுவான்." என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். "தோ, உள்ள நிக்குதே, அது பேர்ல போடு. நோட்டீஸ் வந்தா அதுக்கு வரட்டும். பொம்பளைய என்னா பண்ணிடப் போறான்?"

என் காதில் விழும்படிதான் சொன்னார். பயமெல்லாம் எனக்கு, காசெல்லாம் அவருக்கு என்று கணக்குப் போட்டுவிட்டார். காசு எந்த வழியாக வரும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. காசு என்றால் யாராவது கையில் கொடுக்க வேண்டும், அதைத் தான் வாங்கிப் பெட்டியில் போட வேண்டும் என்பதைத் தாண்டி அவருக்கு எதுவும் ஓடவில்லை. அந்தப் பெண் என்னிடம் ஆதாரும், காஸ் மானியத்துக்காக நான் தொடங்கியிருந்த பேங்க் புத்தகமும் வாங்கினாள். ரகசிய நம்பரைப் போடச் சொல்லி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "யாருக்கும் சொல்லாதீங்கக்கா, வூட்டு ஆளுங்களுக்குக்கூட" என்றாள். பாக்ஸ் எந்தப் பாஷையில் பேச வேண்டும் என்று கேட்டாள். தமிழ் என்றேன். எங்கே வைக்க என்றாள். கல்லாவுக்கு மேலே சாமி படத்துப் பலகையில் வை, சத்தம் முழுக்க வை என்றேன். உன் பெரியப்பாவும் "ஆமா, எனக்கும் கேக்கணுமில்ல" என்றார்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்தவன் மாதையன். இதை நான் ஏற்பாடு செய்யவில்லை, சத்தியமாக அதுவாக நடந்தது. அதற்குள் அவன் மெஷின் ஆபரேட்டராகியிருந்தான். இட்லி தின்றான், கை கழுவினான், கல்லாமுன் நின்று போனை அட்டைக்கு நேராகப் பிடித்தான். உன் பெரியப்பா பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே பாக்ஸ், நாற்பது ரூபாய் பெறப்பட்டது என்று கணீரென்று சொன்னது. நீட்டிய கை அப்படியே இருந்தது.

"ஏம்பா, போணி... கேஷாக் குடு."

"கேஷ் இல்லண்ணா. காசு விழுந்துடுச்சுண்ணா, பாக்ஸு சொல்லுச்சு பாருங்க."

"எங்க வுழுந்துச்சு?"

"அக்கா அக்கவுண்ட்லதான்" என்று சொல்லிவிட்டு மாதையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை அதைத் தொடவில்லை, யார் கையும் தொடவில்லை. போணி என் பேரில் விழுந்துவிட்டது. உன் பெரியப்பா பிறகு என்ன செய்தார் தெரியுமா? சொம்பை எடுத்து, மஞ்சள் தண்ணீரை அந்தப் பாக்ஸின்மேல் தெளித்தார். அடுத்த ஆள் ஸ்கேன் பண்ணியபோது அது தொண்டை கட்டினவர் குரலில் கரகரவென்று என்னவோ சொல்லிவிட்டு ஊமையாகிவிட்டது. அந்தக் கம்பெனிப் பெண் வந்து பிரித்துப் பார்த்தாள். உள்ளே மஞ்சள். "இதுக்குள்ள எப்படிண்ணா மஞ்சத்தண்ணி போச்சு?" என்று அவள் அப்பாவியாகக் கேட்டபோது மெஸ்ஸே சிரித்தது. மாதையன் அந்தக் கதையை கேண்டீன், பஸ், லைன் என்று ஃபேக்டரி முழுக்கச் சொல்லிவிட்டான். புது பாக்ஸ் வந்தது. அதே பலகையில் வைத்தேன்.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. தினமும் காலையில் தன் சட்டைப்பையிலிருந்தே ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்து பஞ்சர் கடைக்காரரிடம் கொடுப்பார். அவர் வந்து ஒரு டீ குடித்துவிட்டு அதே நோட்டைத் திருப்பிக் கொடுப்பார். உன் பெரியப்பா அதைக் கண்ணில் ஒற்றிச் சாமிக்குக் காட்டிப் பெட்டியில் போடுவார். தன் காசைத் தானே வாங்கிப் போணி செய்த மனிதன் இந்த ஜில்லாவில் வேறு யாராவது உண்டா, நீயே சொல். பஞ்சர் கடைக்காரருக்கு ஓசி டீ, எனக்கு ஓசி வேடிக்கை.

ஆனால் நான் அப்போதும் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. பேங்கில் சேர்ந்ததை வாரம் ஒரு தடவை ஏ.டி.எம்.மில் எடுத்து அவரிடம்தான் கொடுத்தேன். ஒரு வாரம் அப்படிக் கட்டாகக் கொண்டுவந்து நீட்டினேன். காலை நேரம், அன்றைக்குப் போணிகூட ஆகவில்லை, சொம்பு பக்கத்திலேயே இருந்தது. அவர் கட்டை வாங்கினார். எச்சில் தொட்டு எண்ணினார். பெட்டியில் வைத்துப் பூட்டினார். சொம்பைத் தொடவே இல்லை. ஒற்றை நோட்டுக்குத் தீட்டு உண்டு, கட்டுக்கு இல்லை போலிருக்கிறது. அத்தனை வருடமும் அவர் நம்பிக்கையால்தான் அப்படிச் செய்தார், பழைய காலத்து மனிதர் என்று என்னை நானே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். அந்தச் சமாதானம் அன்றைக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது. என்னைப் பத்துப் பேர் முன்னால் நிற்க வைத்துப் பார்க்க ஆசை, அவ்வளவுதான் விஷயம். அடுத்த வாரம் நான் ஏ.டி.எம்.முக்குப் போகவில்லை.

கேட்டார். "அக்கவுண்ட்ல பத்திரமா இருக்குது மாமா" என்றேன். நம்பரைச் சொல் என்றார். யாருக்கும் சொல்லக்கூடாதாம் என்றேன். முதலில் சிரித்தார், பிறகு திட்டினார், பிறகு கெலமங்கலத்தில் சொந்தக்காரர்களைக் கூட்டினார். நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய், உனக்கு எதுவும் தெரியாது. தம்பி கடையைக் கட்டிக் காத்தது நான், இவள் என்னை ஏமாற்றிவிட்டாள் என்று அழாத குறையாகச் சொன்னார். உன் பெரியம்மா எல்லாருக்கும் காப்பி கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றிருந்தார். கூட்டத்தில் பெரியவர் ஒருவர், உன் தாத்தாவின் பங்காளி, கேட்டார்.

"அது சரிப்பா, ஸ்கேனர எதுக்கு இந்தப் பொண்ணு பேர்ல போட்ட?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன். "நோட்டீஸ் வந்தா என் பேர்ல வரட்டும்னு மாமாதாங்க சொன்னாரு. பொம்பளைய என்னா பண்ணிடப் போறான்னாரு. நோட்டீஸ் எனக்குன்னா காசும் எனக்குத்தானுங்களே?"

யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். பஞ்சாயத்து அதோடு முடிந்தது, காசு என் அக்கவுண்டிலேயே நின்றது. என் கல்யாணத்தன்று இருந்ததைவிட எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. உன் அப்பா மன்னிக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவில் சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் ஸ்கேனர் கணக்கைப் பார்த்து வரி நோட்டீஸ் வருகிறது என்று பேச்சு கிளம்பியது. அத்திப்பள்ளியில் பேக்கரிக்காரர்கள் ஸ்கேனரைக் கழற்றுகிறார்கள் என்றார்கள். உன் பெரியப்பாவின் முகத்தில் அத்தனை வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காலையில் வந்ததும் ஸ்கேனர் அட்டையைக் கிழித்து எறிந்துவிட்டு, 'கேஷ் மட்டும்' என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டினார். "உன்ன ஜெயில்ல போடுவாங்க, அப்ப நான்தான் வந்து மீட்கணும்" என்றார். நான் ஒரு ஆடிட்டரிடம் போய் எல்லாவற்றையும் காட்டிவிட்டு வந்தேன். ஒழுங்காகக் காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை என்றார். திரும்பி வந்து உன் பெரியப்பா எழுதிய அட்டையின்மேலேயே புது ஸ்கேனரை ஒட்டினேன். இப்போது கார்டைத் தொட்டால் 'பீப்' என்று சொல்கிற மெஷினும் வாங்கி வைத்திருக்கிறேன். ஃபேக்டரி ஆபீசர்கள் வந்து தட்டிவிட்டுப் போகிறார்கள்.

நீ கேட்பாய், அவரை ஏன் இன்னும் கல்லாவில் உட்கார வைத்திருக்கிறாய், வீட்டுக்கு அனுப்பிவிடலாமே என்று. எதற்கு அனுப்ப வேண்டும்? வீட்டுக்குப் போனால் மாமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு, தம்பி பெண்டாட்டிக்குக் கடையை நானே விட்டுக் கொடுத்துவிட்டேன் என்று பெருமையடிப்பார். இங்கே உட்காரட்டும். பெட்டியில் சில்லறைதான் கிடக்கிறது. தலைக்கு மேலே பாக்ஸ் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொன்றும் அவர் காதில் விழுந்துதான் என்னிடம் வருகிறது. புதிதாக வந்த ஒடிசா ஆட்களுக்கு அவர் யார் என்று தெரியாது. வாட்ச்மேன் என்று நினைத்து ஹெல்மெட்டையும் பையையும் அவரிடம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் பஸ் காசுக்கு என்னிடம் வருகிறார். கூட்டம் குறையட்டும் என்று காத்திருப்பார். நான் கூட்டம் குறைய விடுவதில்லை, அப்போதே கூப்பிட்டு "என்னா வேணும் மாமா?" என்று சத்தமாகக் கேட்பேன். சில நாள் கொடுப்பேன். சில நாள் "நாளைக்குப் பாக்கலாம் மாமா" என்பேன். அன்றைக்கு அவர் பஸ் ஏற மாதையன்தான் ஏதாவது கொடுத்து அனுப்புகிறான்.

இதைப் படித்துவிட்டு உனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும். 'அவர் செய்ததையே நீயும் செய்கிறாயே' என்பாய். ஆமாம், அதையேதான் செய்கிறேன். வேறு எதைச் செய்தாலும் அவருக்குப் புரியாது. ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. அவருக்குச் சொந்தமாக நிலம் இருக்கிறது, தோப்பு இருக்கிறது, எழுந்து போனால் யாரும் தடுக்கப் போவதில்லை. எனக்கு அன்றைக்கு எழுந்து போக ஒரு இடம்கூட இல்லை, இடுப்பில் நீ இருந்தாய்.

உனக்கு இதிலிருந்து ஒரு புத்தி சொல்ல வேண்டுமானால் நித்யாவைப் பற்றித்தான் சொல்வேன். அவள் சம்பளம் அவள் அக்கவுண்டில் விழட்டும். அவள் ரகசிய நம்பரைக் கேட்காதே, விளையாட்டுக்குக்கூடக் கேட்காதே. அவள் உன்னிடம் வந்து எதற்காவது காசு கேட்டால், பேசிக்கொண்டிருக்கும் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் கொடு. யார் முன்னாலும் அவளை நிற்க வைக்காதே. நீ நல்ல பையன்தான், எனக்குத் தெரியும். ஆனால் நீ வளர்ந்தது அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில், அவர் மடியில். அதனால் சொல்லி வைக்கிறேன். அவளும் என்னைப் போல வாய் பேசாத பெண்ணாக இருந்துவிட்டால் உன் பாடு திண்டாட்டம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பத்திரிகை அச்சாகிவிட்டது. உன்னைக் கேட்காமல்தான் அடித்தேன். அழைக்கிறவர் பெயராக என் பெயர் மட்டும் இருக்கிறது. உன் பெரியப்பா பெயர் கீழே உறவினர்கள் வரிசையில் இருக்கிறது, கடைசியில் இல்லை, நடுவில்தான். முதல் பத்திரிகையை முறைப்படி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, நேற்று நானே கெலமங்கலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி இல்லை என்று உன் பெரியம்மாவைப் படிக்கச் சொன்னார். அவர் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்ததும், "என் பேரு மேல இல்லியா?" என்றார். இல்லை என்றேன்.

"பத்திரிகை கெடக்கட்டும். மணவறையில நாங்கதான் நிக்கறோம். பையனே சொல்லிட்டான். ஒத்த ஆளு மணவறை ஏறக் கூடாது, சோடியாத்தான் ஏறணும். அது சம்பிரதாயம். நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றார். என் பதிலுக்குக்கூடக் காத்திராமல் நீ அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாய் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

உன் பெரியம்மா பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னோடு அவ்வளவு தூரம் நடந்ததில்லை. மாடு வைத்திருக்கிறார் இல்லையா, வாடகைக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்கெல்லாம் அவர்தான் பால் ஊற்றுகிறார், பால் காசை வாசலிலேயே உன் பெரியப்பா வாங்கிக்கொள்வார். பஸ் வரும் சத்தம் கேட்டதும் இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே அவருடைய ஆதார்.

"எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. பெட்டி வேணாம், சத்தம் போடும். அட்டை மட்டும் போதும்."

"சரிக்கா."

"இன்னொண்ணு. கல்யாணத்தன்னிக்கி மணவறைக்குக் கூப்புடுவாங்க. அவரு ஏறுவாரு, நான் ஏற மாட்டேன். தலைவலின்னு சாப்பாட்டுக் கூடத்துல போயி உக்காந்துக்குவேன். ஒத்த ஆளு ஏறக் கூடாதுன்னு அவருதான சொல்றாரு. எறங்கட்டும்."

அப்படிச் சொல்லும்போது உன் பெரியம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறி ஓசூர் வரும்வரை எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

இன்று காலையில் அந்தக் கம்பெனிப் பெண்ணைப் பிடித்துச் சொல்லிவிட்டேன், உன் பெரியப்பா இங்கே கல்லாவில் உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து கெலமங்கலம் போய்வருவாள். முகூர்த்தத்தன்று உன் பெரியப்பா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் படியேறுவார், திரும்பிப் பார்ப்பார், பக்கத்தில் ஆள் இருக்காது. அவர் சொன்ன சம்பிரதாயத்தை அவருக்கு யாராவது எடுத்துச் சொல்வார்கள். அவர் இறங்கும்போது நான் ஏறுவேன், ஒற்றை ஆளாகத்தான் ஏறுவேன். அவருக்கு இது எதுவும் தெரியாது. உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். போன் பண்ணி அவரை உஷார்படுத்துவதானால் படுத்து, நான் தடுக்கவில்லை. ஆனால் அப்படிச் செய்தால் அன்றைக்கு என்னை மணவறையில் தேடாதே. முதல் வரிசையிலும் தேடாதே.

உன் அம்மா